மூடிய கைக்குப் பத்து

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவருக்கு வேலை வேதியியல் ஆய்வகத்தில்தான். குடுவை கழுவுவது, அமிலத்தை அளந்து ஊற்றி வைப்பது, அடுப்பை அணைக்காமல் ஓடும் பிள்ளைகளை நாலு திட்டுத் திட்டுவது. ஆனால் வாசலில் யாரையாவது நிறுத்தி, ஆய்வக உதவியாளர் எங்கே என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். நோட்டு சார் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். கூடைப்பந்து ஆட்டம் நடக்கும்போது ஓரமாக மேசை போட்டு உட்கார்ந்து, யார் கூடையில் போட்டது, யார் தப்பாட்டம் ஆடியது என்று ஒரு பெரிய தாளில் எழுதுகிறவர் அவர். அந்தத் தாளுக்குத்தான் பள்ளியில் நோட்டு என்று பெயர்.

இருபத்திரண்டு வருஷமாக எழுதுகிறார். ஒரு நோட்டில்கூட அடித்தல் கிடையாது, திருத்தல் கிடையாது, மை சிந்தினது கிடையாது. அதில் அவருக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. வெளியூரிலிருந்து வரும் நடுவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் தாளைத் தூக்கிப் பிடித்து ஒரு தடவை ரசிப்பார்கள். அவரும் எங்கேயோ பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு காதை மட்டும் இங்கே வைத்திருப்பார்.

அப்பேர்ப்பட்ட மனுஷர் வீட்டில் இரண்டு வருஷமாக, நடுவே விரிசல் விட்ட கண்ணாடியைப் பார்த்துத்தான் சவரம் செய்துகொண்டிருந்தார்.

"என்னங்க, இது என்ன பிடிவாதம்?" என்று மனைவி வாரம் ஒருமுறையாவது ஆரம்பிப்பாள். "கடைத்தெருவுல கண்ணாடிக் கடை இருக்கு. நடந்தா பத்து நிமிஷம். ஒண்ணு வெட்டி வாங்கிட்டு வந்தா கால் தேஞ்சா போயிடும்? ஒரு மூஞ்சி போதாதுன்னு ரெண்டு மூஞ்சி பார்க்கணுமா உங்களுக்கு?"

"பார்க்கலாம், பார்க்கலாம்" என்பார் அவர், தாடையை இழுத்துப் பிடித்துக்கொண்டு.

கடைத்தெருவுக்கு அவர் போகாமல் இல்லை. ஆனால் அந்தக் கடை வருவதற்கு முன்னாலேயே தபால் ஆபீஸ் சந்தில் திரும்பி, ஒரு சுற்றுச் சுற்றி அந்தப் பக்கம் போய் ஏறுவார். பத்து வருஷமாக இப்படித்தான். அந்தக் கடையில் கண்ணாடி வெட்டுகிற பெண்ணின் முகத்தை நேராகப் பார்க்கிற தைரியம் அவருக்கு இல்லை.

அவளைப் பள்ளியில் பம்பரம் என்பார்கள். குள்ளமான பெண். மைதானத்தில் இறங்கினால் கண்ணுக்குச் சிக்க மாட்டாள். அணிக்கு அவள்தான் கேப்டன். சட்டையில் நான்காம் எண். காலை விட அவளுக்குத் தலை வேகம். ஆட்டம் முடிய எத்தனை விநாடி பாக்கி, எந்த அணிக்கு எத்தனை புள்ளி, யார் பேரில் எத்தனை ஃபவுல் என்று எல்லாவற்றையும் ஓடிக்கொண்டே எண்ணிக்கொண்டிருப்பாள். 'என் நோட்டு காத்துல பறந்துபோனாக்கூடக் கவலையில்ல, இவளைக் கேட்டு எழுதிக்குவேன்' என்று நோட்டு சாரே வாய் நிறையச் சொன்ன காலம் உண்டு.

இன்னொருத்தி கொக்கு. அம்மா ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகள் துவைக்கிற பிரிவில் வேலை பார்த்தாள். பெண்ணோ ஏழாம் வகுப்பிலேயே டீச்சர்களை விட உயரம். அந்த உயரத்தை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் முதுகைக் கூனிக்கொண்டு நடப்பாள். ஒருநாள் ஆய்வகத்தில் மேல் தட்டு பாட்டிலுக்காக நோட்டு சார் ஏணியைத் தேடிக்கொண்டிருந்தபோது, "எது சார் வேணும்?" என்று கேட்டு, குதிகால்கூடத் தூக்காமல் எடுத்துக் கொடுத்தாள். அவர் பாட்டிலை அப்படியே மேசையில் வைத்துவிட்டு நேரே விளையாட்டு டீச்சரிடம் போய், "உங்களுக்கு ஒரு ஆள் பிடிச்சிருக்கேன், வந்து பாருங்க" என்றார்.

ஆரம்பத்தில் கொக்கு பந்தைப் பிடித்தாளா, பந்து அவளைப் பிடித்ததா என்றே சொல்ல முடியாது. பம்பரம்தான் விடாமல் அவளோடு மல்லுக்கட்டினாள். "கூனாதடி. நீ கூனினா நான் எதுக்கு மேல தூக்கிப் போடுறேன்?" என்று கத்துவாள். ஒரு வருஷத்தில், பம்பரம் கண்ணை மூடிக்கொண்டு மேலே எறிந்தாலும் அங்கே கொக்கின் கை இருக்கும் என்று ஆகிவிட்டது. கொக்குக்கு எண்ண மட்டும் வரவே வராது. ஒவ்வோர் ஆட்டமும் முடிந்ததும் வேர்வை சொட்டச் சொட்ட மேசைக்கு வந்து, "சார், எனக்கு எத்தனை புள்ளி?" என்பாள். அவர் சொன்னதற்குப் பிறகுதான் சிரிப்பாள்.

பள்ளிகளுக்கு இடையிலான இறுதி ஆட்டத்துக்கு வருவோம். அப்போது இருவருக்கும் வயது பதினைந்து. விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்க ஒரு தேர்வாளர் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். இருந்தது ஒரே ஓர் இடம். அது பம்பரத்துக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும், கொக்குக்கும் தெரியும். "நீ போனப்புறம் எனக்கு யாருடி பந்து போடுவா?" என்று அவள் முதல் நாளே மூக்கைச் சிந்திவிட்டாள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஆட்டக்காரிகளின் சட்டையில் நான்கிலிருந்து பதினைந்து வரை எண் இருக்கும். ஒருத்தி ஃபவுல் செய்தால் நடுவர் விசில் ஊதிவிட்டு மேசைக்கு எதிரே வந்து நின்று அவளுடைய எண்ணைக் கையால் காட்டுவார். இருப்பது பத்து விரல். பதினைந்து வரை எப்படிக் காட்டுவது? ஒரு கையை மூடிக் காட்டினால் பத்து. மற்றக் கையில் விரல்கள். வெறும் நான்கு விரல் என்றால் நான்காம் எண். மூடிய கையும் நான்கு விரலும் என்றால் பதினாலு. நான்கு, பம்பரம். பதினாலு, கொக்கு. ஒருத்திக்கு ஐந்து ஃபவுல் சேர்ந்துவிட்டால் அவள் வெளியே போய் உட்கார வேண்டியதுதான்.

ஆட்டம் நான்கு பகுதி. முதல் பகுதியிலேயே பம்பரத்தின் ஷூ வாயைப் பிளந்துவிட்டது. இரண்டாம் பகுதி முழுக்க அவள் உள்ளே இறங்கவில்லை. மேசைக்குப் பக்கத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்து ஷூவோடு போராடிக்கொண்டிருந்தாள்.

"சார், ஒட்டுற டேப்பு ஏதாவது இருக்கா?"

ஆய்வகத்துக்காரர் பையில் டேப் இல்லாமல் இருக்குமா? அவர் குனிந்து பையைத் துழாவினார். விசில் சத்தம் கேட்டது. டேப்பை அவள் கையில் கொடுத்துவிட்டு நிமிர்ந்தார். எதிரே நடுவரின் நான்கு விரல்கள் தெரிந்தன. மூடிய கை அதற்குள் இறங்கிவிட்டது. அவர் நான்காம் எண்ணின் வரிசையில் அழகாக ஒரு குறி போட்டார். பக்கத்தில் உட்கார்ந்து ஷூவைச் சுற்றிக்கொண்டிருக்கிற பெண் பேரில், மைதானத்தில் ஃபவுல் செய்ததாக எழுதினார். எழுதும்போது அவருக்கு அது உறைக்கவே இல்லை.

கடைசிப் பகுதி. மூன்று நிமிஷம் பாக்கி. பம்பரம் பந்தைப் பறிக்கப் போய் எதிரணிப் பெண்ணின் கையில் இடித்தாள். விசில். இந்தத் தடவை வெறும் நான்கு விரல்தான், சந்தேகமே இல்லை. அவர் குறி போட்டார், வரிசை நிறைந்தது. "நாலாம் நம்பர், அஞ்சு ஃபவுல்" என்று குரல் கொடுத்தார்.

பம்பரம் அப்படியே நின்றாள். "இல்ல சார். நாலுதான் ஆச்சு. நான் எண்ணிட்டே வரேன்."

நடுவர் வந்து தாளைப் பார்த்தார். ஐந்து கட்டத்திலும் குறி இருந்தது. "நோட்டுல இருக்கிறதுதாம்மா" என்றார். அவள் நோட்டு சாரைப் பார்த்தாள். அவர் ஐந்து கட்டத்தையும் பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். தேர்வாளர் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டார்.

கேப்டன் இல்லாத அணி தடுமாறியது. கடைசி இரண்டு விநாடியில் ஒரு புள்ளி குறைவாக இருந்தபோது, பந்து எப்படியோ கொக்கின் கைக்கு வந்தது. மேலே எறிந்து கொடுக்க ஆள் இல்லை. அவள் தன் வாழ்நாளில் முதல் தடவையாகத் தானாகவே தீர்மானித்து, கூனாமல் எம்பிப் போட்டாள். விழுந்தது. பள்ளிக்கூடமே மைதானத்துக்குள் இறங்கி அவளைத் தோளில் தூக்கிக்கொண்டது.

அந்தக் கூச்சலுக்கு நடுவே நோட்டு சார் தாளை முடித்துக்கொண்டிருந்தார். முதல் பகுதிக்கும் மூன்றாம் பகுதிக்கும் சிவப்பு மை, மற்ற இரண்டுக்கும் நீலம் என்பது நோட்டு எழுதுகிற முறை. அவர் அளவுகோலை வைத்துக் கோடு இழுத்துக்கொண்டே வந்தவர், நான்காம் எண்ணின் வரிசையில் நின்றுவிட்டார். சிவப்பு, நீலம், சிவப்பு, சிவப்பு, நீலம். இரண்டாவது கட்டத்தில் எதற்கு நீலம்? இரண்டாம் பகுதி முழுக்க இந்தப் பெண் என் பக்கத்தில் அல்லவா உட்கார்ந்திருந்தாள்?

கொக்கின் வரிசையைப் பார்த்தார். நான்கு குறி. ஐந்தாவது கட்டம் காலி. அதாவது வெளியே போயிருக்க வேண்டியவள் கொக்கு. உள்ளே நின்றிருக்க வேண்டியவள் பம்பரம்.

நடுவர் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அவர் கையெழுத்துப் போடும் வரை நோட்டில் பிழை திருத்தலாம், அதற்கு விதி இருக்கிறது. ஐந்து நிமிஷம் இருந்தது. ஒரு வார்த்தை போதும். ஆட்டம் வழக்காகிவிடும், எதிரணிக் கோச் குதிப்பார், பிள்ளைகளின் சந்தோஷம் பாழாகும் என்று பிற்பாடு அவர் தனக்குத்தானே பல நியாயம் சொல்லிக்கொண்டார். எல்லாம் சுத்தப் புளுகு. அந்த ஐந்து நிமிஷமும் அவர் மனசில் ஓடியது ஒன்றே ஒன்றுதான்: நோட்டில் அடித்தல் விழும்.

அப்போது பம்பரமே மேசைக்கு வந்தாள். அழுது முடித்த முகம். கையில் மீதி டேப்.

"இந்தாங்க சார். ஸாரி சார், எல்லார் முன்னாடியும் உங்க நோட்டைப் போய் சந்தேகப்பட்டுட்டேன். நான்தான் ஒண்ணை எண்ணாம விட்டுட்டேன் போல."

"பரவாயில்லம்மா" என்றார் அவர்.

நடுவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து, தாளைத் தூக்கிப் பார்த்து, "அச்சடிச்ச மாதிரி இருக்கு சார்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

விடுதியின் இடம் கொக்குக்குப் போனது. தேர்வாளர் விளையாட்டு டீச்சரிடம் சொன்னாராம்: "அந்தச் சின்னப் பொண்ணு நல்லா ஆடுது, ஆனா நிதானம் பத்தாது. முக்கியமான நேரத்துல அஞ்சு ஃபவுல் வாங்கிட்டு உட்கார்ந்துடுச்சு பாருங்க." நிதானம் பத்தாது என்ற அந்த வார்த்தை பம்பரத்தோடு ஒட்டிக்கொண்டது. மறுவருஷம் ஆடினாள், ஆனால் பந்துக்குக் கை நீட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை மேசைப் பக்கம் திரும்பிப் பார்ப்பாள், தன் பேரில் எத்தனை இருக்கிறது என்று. அந்த ஒரு பார்வைக்குள் பந்து போய்விடும். பாதி வருஷத்தில் அவளே நின்றுகொண்டாள்.

கொக்கு ஏறிக்கொண்டே போனாள். விடுதிக்குப் போன முதல் மாதம் தினமும் அழுதாள். அங்கே எல்லோருமே உயரம், எல்லோருமே அவளை விட வேகம். அப்போதுதான் தொலைபேசியில் அந்தப் பழக்கம் ஆரம்பித்தது. "சார், நான்தான். இன்னிக்கு ஆறு புள்ளி. நீங்க எழுதினாத்தான் சார் எனக்கு அது ஆறுன்னு நம்பிக்கை வருது." அவர் ஒரு தனி நோட்டுப் புத்தகம் வாங்கி எழுத ஆரம்பித்தார். ஆறு பன்னிரண்டானது, பன்னிரண்டு இருபதானது. முழங்காலில் அறுவை செய்து எட்டு மாதம் படுத்திருந்தபோது, "இன்னிக்கு பதினைஞ்சு படி ஏறினேன், எழுதிக்கங்க" என்றாள். அதையும் எழுதினார். இளையோர் அணி, பிறகு பெரிய அணி, பிறகு இதையே தொழிலாக ஆட ஒரு பெரிய கிளப் அவளைக் கூப்பிட்டுக்கொண்டது. அங்கேயும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டது அதே பதினாலாம் எண் சட்டை.

முதல் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். நோட்டு சாரும் மனைவியும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். ஆயிரக்கணக்கான பேர் எழுந்து நின்று கத்த, கூனல் இருந்த இடம் தெரியாமல் நிமிர்ந்து ஓடினாள் அந்தப் பெண். இருபத்தொரு புள்ளி. முடிந்ததும் மைக்கை நீட்டினார்கள். எங்கே ஆரம்பித்தது இதெல்லாம் என்று கேட்டார்கள்.

"ஸ்கூல் ஃபைனல்ஸ்" என்றாள் கொக்கு, மூச்சு வாங்கிக்கொண்டே. "எங்க கேப்டன் அஞ்சு ஃபவுல்ல வெளிய போயிட்டா. அதனாலதான் அந்தப் பந்து என் கைக்கு வந்துச்சு. இல்லேன்னா நான் இன்னிக்கு இங்க இல்ல."

நோட்டு சார் எழுந்து கொல்லைப்புறம் போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். "கொஞ்சம் முன்னாடிதானே மழை பெஞ்சுது?" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் கேட்டது. அந்தப் பெண் ஒவ்வொரு படி ஏறும்போதும் அவருக்குச் சந்தோஷம்தான், பொய்யில்லை. ஆனால் ஒவ்வொரு சந்தோஷத்துக்கும் அடியில் அந்த நீலக் குறி கிடந்தது. அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

இந்த வருஷம் கொக்கு பள்ளிக்கு வருகிறாள் என்று செய்தி வந்தது. பாராட்டு விழா. தலைமையாசிரியை நோட்டு சாரைக் கூப்பிட்டு, பழைய பீரோவிலிருந்து எடுத்த தாளை மேசைமேல் விரித்தார். பதினோரு வருஷத்துக்கு முந்தைய நோட்டு. மை மங்கவே இல்லை, படுபாவி நல்ல மையாகப் பார்த்து வாங்கியிருக்கிறார்.

"பாருங்க, ஒரு அடித்தல் இல்ல. இதைக் கண்ணாடி போட்டு ஹால்ல மாட்டப்போறோம். பிள்ளைங்க பார்த்துக் கத்துக்கட்டும். மேடையில அவ கையால உங்ககிட்ட கொடுத்து ஒரு போட்டோ. நீங்க எழுதினது, நீங்களே ஃப்ரேம் போட்டுக் கொண்டாந்துடுங்க. நாளைக் காலையில விழா, மறந்துடாதீங்க."

தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு முதல் காரியமாகப் பேருந்து ஏறிப் பக்கத்து ஊர் ஃப்ரேம் கடைக்குப் போனார். ஒரு வாரம் ஆகும் என்றார்கள். கெஞ்சினார், ஆறு நாள் என்றார்கள். திரும்பி வந்தார். வேறு வழியில்லை. பத்து வருஷத்துக்குப் பிறகு, தபால் ஆபீஸ் சந்தில் திரும்பாமல் நேரே நடந்தார்.

கடைக்குள் நுழைந்ததும் எங்கே பார்த்தாலும் அவரே நின்றார். சுவரில் சாய்த்த கண்ணாடி, தொங்கவிட்ட கண்ணாடி, வட்டம், நீள்சதுரம் என்று எல்லாவற்றிலும் தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நோட்டு சார். எதைப் பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தார். தரையெல்லாம் பொடிப்பொடியாகக் கண்ணாடித் துகள் மின்னியது.

"நோட்டு சார்!" பம்பரம் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தாள். இடுப்பில் தடித்த துணி மறைப்பு, காதில் பென்சில். "வழி தெரிஞ்சுதா உங்களுக்கு? உங்க வீட்டம்மா ரெண்டு வருஷமா சொல்லிட்டு இருக்காங்க, கண்ணாடிக்கு ஆள் வருவார் வருவார்னு. நானும் அளவு எழுதி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

"வேலை... வேலை ஜாஸ்திம்மா."

கல்லாவிலிருந்து முதலாளி சிரித்தார். "நல்ல இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க சார். ஆனா அவசரப்படுத்தாதீங்க. இந்தப் பொண்ணு எதையும் ரெண்டு தடவை அளக்கும், மூணு தடவை எண்ணும். பத்து ஸ்க்ரூ கொடுத்தாலும் எண்ணிட்டு, திருப்பிக் கொட்டி எண்ணும். முதல்ல எனக்கு எரிச்சலா வரும். ஆனா பத்து வருஷத்துல ஒரு கண்ணாடி வீணாக்கினதில்ல." சொல்லிவிட்டு அவர் பின்னால் கிடங்குக்குப் போய்விட்டார்.

அவள் தாளை வாங்கி மேசையில் விரித்து, நான்கு முனையிலும் மரத்துண்டுகளை வைத்தாள். என்ன தாள் என்று புரிந்ததும் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "அட, நம்ம ஃபைனல்ஸ்! கொக்கு வராளாமே நாளைக்கு. நேத்து போன் பண்ணினா. முதல் வரிசையில உட்காரணுமாம் நான்."

அளவுநாடாவை எடுத்து நீளம் பார்த்தாள், எழுதினாள். மறுபடியும் பார்த்தாள், தலையாட்டினாள். அகலத்துக்கும் அப்படியே. பிறகு அவள் விரல் தானாகவே நான்காம் எண்ணின் வரிசைக்குப் போனது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. விரல் முதலிலிருந்து மறுபடியும் போனது. சிவப்பும் நீலமும் எதற்கு என்று ஆட்டக்காரிகளுக்குத் தெரியாது. அது மேசைக்காரர்களின் சங்கதி.

"அஞ்சுதான் சார் இருக்கு" என்றாள் அவள் மெதுவாக. "ரொம்ப நாளா ஒரு நப்பாசை எனக்கு. நோட்டை ஒரு தடவை பார்த்தா நல்லாயிருக்கும்னு. அன்னிக்கு சத்தியமா நாலுன்னுதான் எண்ணினேன். எங்க விட்டேன்னே தெரியல. அப்புறம் எதை எண்ணினாலும் ஒரு பயம். எனக்கே என் மேல நம்பிக்கை போயிடுச்சு. சரி விடுங்க, இப்ப கண்ணால பார்த்தாச்சு." அவள் நிமிர்ந்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள்.

அவ்வளவுதான். விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது. இனி அவர் வாயைத் திறக்காமல் இருந்தால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. பணம் கொடுத்து, ஃப்ரேமை வாங்கி, நாளைக்கு மேடையில் போட்டோ. அவள் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டாளே. அதுதான் அவரால் தாங்க முடியாமல் போனது. ஆட்டத்தைத்தான் கெடுத்தோம், இடத்தைத்தான் பறித்தோம் என்று இத்தனை நாள் மறுகிக்கொண்டிருந்தார். ஒரு பெண்ணின் தலைக்குள் புகுந்து அவளுடைய எண்ணிக்கையையே கலைத்துவிட்டு வந்திருக்கிறோம் என்று இப்போதுதான் தெரிந்தது.

"நாலுதாம்மா" என்றார்.

"என்ன சார்?"

"உனக்கு நாலுதான். இது" என்று இரண்டாவது கட்டத்தின் மேல் விரலை வைத்தார். "இது நீலம். ரெண்டாவது குவார்ட்டர். ரெண்டாவது குவார்ட்டர் பூரா நீ என் பக்கத்துல உட்கார்ந்து ஷூவுக்கு டேப் சுத்திக்கிட்டு இருந்தே. நான் உனக்கு டேப் எடுத்துக் கொடுத்துட்டு நிமிர்ந்தேன். அவர் இப்படிக் காட்டியிருக்கார்." ஒரு கையை மூடி, மறு கையில் நான்கு விரலைத் தூக்கிக் காட்டினார். சுற்றிலும் இருந்த கண்ணாடிகளில் எல்லாம் மூடிய கைகள் உயர்ந்தன. "நான் இந்தக் கையைப் பார்க்கல."

அவரே தொடர்ந்தார், நிறுத்தினால் மறுபடி வாய் திறக்காது என்ற பயத்தில். "தப்பு நடந்தது தெரியாமதான். ஆனா அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. கையெழுத்து ஆகுறதுக்கு முன்னாடியே. நீ வந்து ஸாரி கேட்டப்போ எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுதான் பரவாயில்லம்மான்னு சொன்னீங்களா?"

அந்த வார்த்தை அவளுக்கு நினைவிருந்தது. அவர் தலை குனிந்துகொண்டார்.

"எதுக்கு சார்?" அவள் குரல் உடைந்தது. "கொக்கு மேல பாசமா? அப்படியாவது சொல்லுங்க."

"இல்லம்மா. நோட்டுல அடித்தல் விழுந்துடும்னு."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்து கன்னத்தில் இறங்கியது, துடைக்கவில்லை. பிறகு அவர் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தாள். விரல்களை மடக்கி ஒவ்வொன்றாக விரித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அந்த நான்கு விரலையும் தன் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

"அப்ப நான் சரியாத்தான் எண்ணியிருக்கேன்" என்றாள்.

"சரியாத்தான் எண்ணினே. நான்தான் தப்பா எழுதினேன். மன்னிச்சுடும்மா."

"பரவாயில்லன்னு சொல்ல மாட்டேன் சார். சொல்ல வரல எனக்கு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "கொக்கு போட்ட பந்து கொக்கு போட்டதுதான். அவ ஓடினது அவ ஓடினதுதான். அதுல எனக்கு ஒரு பேச்சும் இல்ல. ஆனா இது இப்படியே மாட்டக் கூடாது. திருத்துங்க."

"கையெழுத்து விழுந்துட்டா திருத்தக் கூடாதும்மா. விதி."

"நீங்க விதி பேசுறீங்களா?"

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். நீல மைப் பேனா. நான்காம் எண்ணின் இரண்டாவது கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அவருடைய முதல் அடித்தல். அளவுகோல் இல்லாமல் இழுத்த கோடு கோணிக்கொண்டு பக்கத்துக் கட்டம் வரை ஓடியது. பதினாலாம் எண்ணின் வரிசையில் காலியாகக் கிடந்த ஐந்தாவது கட்டத்தில் குறி போட்டார். ஓரத்தில் இன்றைய தேதியும், கீழே தன் கையெழுத்தும்.

"நாளைக்கு மேடையில இது என்னன்னு நீங்களே சொல்லணும். நான் முதல் வரிசையில இருப்பேன்" என்றாள் அவள்.

"சொல்றேன். கொக்குகிட்ட இன்னிக்கே போன்ல சொல்லிடுறேன். அவ மேடையில நின்னு தெரிஞ்சுக்கக் கூடாது."

அவள் கையுறையை மாட்டிக்கொண்டு ஒரு பெரிய கண்ணாடித் தகட்டை மேசைக்கு இழுத்தாள். சீட்டில் எழுதிய அளவைப் பார்த்து நாடாவை வைத்தாள், பென்சிலால் புள்ளி வைத்தாள். பழக்க தோஷத்தில் நாடா மறுபடியும் தகட்டை நோக்கி வந்தது. பாதியில் நிறுத்தி, அதைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். ஒரு தடவை அளந்ததோடு சரி. வெட்டும் கருவியை எடுத்து, அளவுகோலோடு ஒட்டி ஒரே இழுப்பாக இழுத்தாள்.